சவ்வுத் தொழில்நுட்ப வளர்ச்சியும் செறிவுநீர்ச் சிக்கலும்: நொய்யல் ஆற்றுப்படுகையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

நீரிலிருந்து உப்பைப் பிரிக்கும் சவ்வுத் தொழில்நுட்பம் கடந்த அறுபது ஆண்டுகளில் பெரும் வளர்ச்சி கண்டுள்ளது. அவ்வளர்ச்சி பெரும்பாலும் சவ்வைக் கடந்து வரும் தூயநீரின் அளவையும் தரத்தையும் கொண்டே மதிப்பிடப்படுகிறது. சவ்வின் மறுபக்கத்தில் எஞ்சும் செறிவுநீர் அம்மதிப்பீட்டில் போதிய இடம் பெறுவதில்லை. இக்கட்டுரை எதிர்ச் சவ்வூடுபரவல் முறையின் அடிப்படை, அதன் பொருளியல் வளர்ச்சி, ஆற்றல் எல்லை ஆகியவற்றை விளக்கி, மீட்பு விகிதம் உயரும்போது செறிவுநீரின் தன்மை எவ்வாறு மாறுகிறது என்பதைக் கணக்கிட்டுக் காட்டுகிறது. திருப்பூர்ச் சாயக்கழிவுநீர்ச் சுத்திகரிப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு, சவ்வு ஆய்வின் வெற்றியை உப்பின் இறுதி இருப்பிடத்தையும் சேர்த்தே அளக்கவேண்டும் என்பதை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: சவ்வு, எதிர்ச் சவ்வூடுபரவல், நானோ வடிகட்டல், மீட்பு விகிதம், செறிவுநீர், திருப்பூர், நொய்யல்

முன்னுரை

சவ்வு என்பது இரண்டு நீர்மங்களுக்கு இடையே நின்று, சில பொருள்களைக் கடக்கவிட்டுச் சிலவற்றைத் தடுக்கும் மெல்லிய தடுப்பாகும். உயிரணுவின் உறையிலிருந்து சிறுநீரகச் செயலிழப்புக்கு உள்ளானோருக்குப் பயன்படும் குருதிப் பகுப்புக் கருவி வரை இந்தக் கோட்பாடே செயற்படுகிறது. நீர்ச் சுத்திகரிப்பில் சவ்வின் சிறப்பு, நீரைக் கொதிக்கவைக்காமலே உப்பைப் பிரிப்பதில் உள்ளது. நீரை ஆவியாக்கி மீண்டும் குளிரச் செய்யும் வடித்தல் முறைக்குத் தேவைப்படும் பெரும் வெப்பம் இம்முறைக்குத் தேவையில்லை.

எனினும் சவ்வு எந்தப் பொருளையும் அழிப்பதில்லை. உள்ளே வந்த உப்பு முழுவதும் இரு வழிகளில் ஒன்றில் வெளியேறியே தீரவேண்டும். இந்த எளிய பொருண்மைச் சமநிலை, சவ்வுத் தொழில்நுட்பம் பற்றிய விவாதங்களில் அடிக்கடி பின்னுக்குத் தள்ளப்படுகிறது. அதனை முன்னுக்குக் கொண்டுவருவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சவ்வு வடிகட்டலின் வகைகள்

அழுத்தத்தால் இயங்கும் சவ்வுகள் அவை தடுக்கும் துகளின் அளவைப் பொறுத்து நான்காகப் பகுக்கப்படுகின்றன. நுண்வடிகட்டல் ஏறத்தாழ 0.1 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்ட துகள்களையும் பாக்டீரியாக்களையும் தடுக்கும். மீநுண்வடிகட்டல் வைரசுகளையும் புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளையும் தடுக்கும். நானோ வடிகட்டல் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர் அளவில் செயற்பட்டு, சாய மூலக்கூறுகளையும் கால்சியம், மக்னீசியம், சல்பேட் போன்ற ஈரிணைதிறன் அயனிகளையும் பெருமளவில் தடுத்து, குளோரைடு போன்ற ஓரிணைதிறன் அயனிகளைக் கணிசமாகக் கடக்கவிடும். எதிர்ச் சவ்வூடுபரவல் சோடியம், குளோரைடு அயனிகளையும் 99 விழுக்காட்டுக்கு மேல் தடுக்கவல்லது.

முதலிரு வகைகளில் துளையின் அளவே பிரித்தலைத் தீர்மானிக்கிறது. நானோ வடிகட்டலில் துளையின் அளவோடு சவ்வுப் பரப்பின் மின்னூட்டமும் சேர்ந்து செயற்படுகிறது. எதிர்மின்னூட்டம் கொண்ட சவ்வு, இரட்டை எதிர்மின்னூட்டம் கொண்ட சல்பேட்டை ஒற்றை மின்னூட்டம் கொண்ட குளோரைடைவிட வலுவாக விலக்குகிறது. உப்புகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க உதவும் இப்பண்பின் பயன் பின்னர் விளக்கப்படும்.

சவ்வூடுபரவலிலிருந்து எதிர்ச் சவ்வூடுபரவலுக்கு

சவ்வூடுபரவலை 1748இல் பிரெஞ்சு அறிஞர் ழான் அந்துவான் நொலே பன்றியின் சிறுநீர்ப்பையைக் கொண்டு கண்டறிந்தார். நீர்த்த கரைசலிலிருந்து செறிந்த கரைசலை நோக்கி நீர் தானாகவே செல்லும் என்பதும், அதனைத் தடுத்து நிறுத்தத் தேவைப்படும் அழுத்தமே சவ்வூடுபரவல் அழுத்தம் என்பதும் பின்னர்த் தெளிவாயின. அவ்வழுத்தத்துக்கும் கரைசலின் செறிவுக்கும் உள்ள உறவை வகுத்த வான்ட் ஹாஃப் 1901இல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசைப் பெற்றார். லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீரின் சவ்வூடுபரவல் அழுத்தம் ஏறத்தாழ 27 பார் ஆகும். இதனினும் மிகுந்த அழுத்தத்தைக் கடல்நீரின்மேல் செலுத்தினால் நீர் எதிர்த்திசையில் சென்று, உப்பு பின்தங்கும்.

கோட்பாடு எளிது, அதற்கேற்ற சவ்வு கிடைக்கவில்லை. 1950களின் பிற்பகுதியில் புளோரிடா பல்கலைக்கழகத்தில் ரீட், பிரெட்டன் ஆகியோர் செல்லுலோஸ் அசிட்டேட் படலம் உப்பைத் தடுக்கும் எனக் காட்டினர். ஆனால் அதன்வழியே கசிந்த நீரின் அளவு மிகக் குறைவாக இருந்தது. படலம் தடிமனாக இருந்ததே காரணம். அதை மெலிதாக்கினால் அழுத்தத்தைத் தாங்காமல் கிழிந்தது.

இச்சிக்கலைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் சிட்னி லோப், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன் ஆகிய இருவரும் 1960ஆம் ஆண்டையொட்டித் தீர்த்தனர். அவர்கள் உருவாக்கிய சவ்வு சமச்சீரற்றது. மேற்பரப்பில் ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவான அடர்ந்த தோலும் அதன்கீழ் நுண்துளைகள் நிறைந்த தடித்த அடுக்கும் ஒரே படலத்தில் அமைந்தன. உப்பைத் தடுக்கும் பணியைத் தோலும், அழுத்தத்தைத் தாங்கும் பணியை அடியடுக்கும் ஏற்றன. இதன் பயனாக 1965இல் கலிபோர்னியாவின் கோலிங்கா நகரில் உவர் நிலத்தடி நீரைக் குடிநீராக்கும் நிலையம் இயங்கத் தொடங்கியது.

அடுத்த பெரும் மாற்றம் ஜான் கடோட் 1970களில் உருவாக்கிய மென்படலக் கூட்டுச் சவ்வு ஆகும். இதில் தோலும் தாங்கியும் வெவ்வேறு பொருள்களால் ஆனவை. பாலிசல்போன் தாங்கியின்மேல், நீரில் கரைந்த அமீனும் கரிமக் கரைப்பானில் கரைந்த அமிலக் குளோரைடும் சந்திக்கும் இடைப்பரப்பில் பாலிஅமைடு படலம் தானே உருவாகிறது. அதன் தடிமன் 100 முதல் 200 நானோமீட்டர் அளவே. இன்று உலகெங்கும் இயங்கும் எதிர்ச் சவ்வூடுபரவல் நிலையங்களில் பெரும்பாலானவை இச்சவ்வையே பயன்படுத்துகின்றன. இதன் முதன்மைக் குறை குளோரினைத் தாங்காமையாகும். கிருமிநீக்கத்துக்காகச் சேர்க்கப்படும் குளோரினை நீர் சவ்வை அடையுமுன் நீக்கியாகவேண்டும். நீக்கியபின் சவ்வின்மேல் நுண்ணுயிர்ப் படலம் வளர்வதற்கு வழி ஏற்படுகிறது.

ஊடுருவுதிறனும் தேர்திறனும்

நல்ல சவ்வு நீரை விரைந்து கடக்கவிடவும் உப்பை முழுதும் தடுக்கவும் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படும் பண்புகள். வளிமப் பிரிப்புச் சவ்வுகளில் இம்முரணுக்கு ஒரு மேல்வரம்பு உண்டு என்பதை 1991இல் ராப்சன் வரைந்து காட்டினார். நீர்ச் சவ்வுகளிலும் அதனையொத்த போக்கு காணப்படுகிறது.

இவ்வரம்பைத் தாண்ட மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள் பல. உயிரணு உறையில் நீருக்கான தனி வாயிலாகச் செயற்படும் அக்வாபோரின் புரதத்தைக் கண்டறிந்த பீட்டர் ஆக்ரே 2003இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அப்புரதத்தைச் செயற்கைச் சவ்வில் பதிக்கும் ஆய்வுகள் அதைத் தொடர்ந்தன. நுண்துளையிட்ட கிராபீன் தாள் உப்பைத் தடுத்து நீரை மிக விரைவாகக் கடக்கவிடும் எனக் கோஹன்-டனூகி, கிராஸ்மன் ஆகியோர் 2012இல் கணினிப் போலச்செய்தல்வழிக் காட்டினர். 2015இல் லிவிங்ஸ்டன் குழுவினர் 10 நானோமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள பாலிஅமைடு படலத்தை உருவாக்கினர். பாலிஅமைடின் உள்ளே அடர்த்தி சீராகப் பரவியிருந்தால் நீர் மிகுதியாகக் கடக்கும் என்பதை 2021இல் வெளியான ஆய்வு நுண்ணோக்கிப் படிமங்களால் நிறுவியது.

நீர் சவ்வைக் கடக்கும் வகை பற்றிய அடிப்படைக் கருத்தும் மறு ஆய்வுக்கு உள்ளாகியுள்ளது. 1960கள் முதல் ஏற்கப்பட்டுவந்த கரைதல்-விரவல் மாதிரி, நீர் மூலக்கூறுகள் தனித்தனியே சவ்வில் கரைந்து விரவுகின்றன எனக் கொள்கிறது. எலிமெலெக் குழுவினர் 2023இல் வெளியிட்ட ஆய்வு, நீர் கூட்டமாகத் துளைகளின் வழியே அழுத்தத்தால் பாய்கிறது என வாதிடுகிறது. இவ்விவாதம் முடிவுபெறும் முறையே எதிர்காலச் சவ்வு வடிவமைப்பின் திசையைப் பெரிதும் பாதிக்கும்.

ஆற்றலின் கீழெல்லை

ஊடுருவுதிறன் உயர்ந்தால் ஆற்றல் செலவு அதே அளவில் குறையும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. வெப்ப இயக்கவியல் அதற்கு எல்லை வகுக்கிறது. சாதாரணக் கடல்நீரில் பாதியைத் தூயநீராக்கக் கோட்பாட்டளவில் தேவைப்படும் குறைந்தபட்ச ஆற்றல், பெறப்படும் ஒரு கனமீட்டர் நீருக்கு 1.06 கிலோவாட் மணி ஆகும். எவ்வளவு சிறந்த சவ்வாலும் இதற்குக் கீழே செல்ல இயலாது. இன்றைய நிலையங்கள் முன்சுத்திகரிப்பு உள்ளிட்ட அனைத்துக்கும் சேர்த்து 3 முதல் 4 கிலோவாட் மணி வரை செலவிடுகின்றன. இவ்வளவு குறைந்ததற்குச் சவ்வின் முன்னேற்றத்தோடு, வெளியேறும் செறிவுநீரின் அழுத்தத்தைப் புதிதாக உள்வரும் நீருக்கு மாற்றித்தரும் ஆற்றல் மீட்புக் கருவிகளும் காரணமாகும்.

கோஹன்-டனூகி குழுவினரின் 2014ஆம் ஆண்டுக் கணக்கீட்டின்படி, ஊடுருவுதிறன் மும்மடங்கானாலும் கடல்நீர் நிலையத்தின் ஆற்றல் செலவு ஏறத்தாழ 15 விழுக்காடு மட்டுமே குறையும். செறிவுநீரின் சவ்வூடுபரவல் அழுத்தத்தை எப்படியும் வென்றாகவேண்டும் என்பதே இதற்குக் காரணம். ஆகவே எதிர்ச் சவ்வூடுபரவலின் ஆற்றலைத் தீர்மானிப்பதில் தூயநீரைவிடச் செறிவுநீருக்கே பெரும்பங்கு உண்டு.

மீட்பு விகிதமும் செறிவுநீரும்

உள்வரும் நீரில் எத்தனை பங்கு தூயநீராகிறது என்பதே மீட்பு விகிதம். சவ்வு உப்பை முழுவதும் தடுப்பதாகக் கொண்டால், செறிவுநீரின் உப்பு மடங்கு, ஒன்றிலிருந்து மீட்பு விகிதத்தைக் கழித்து வரும் எண்ணின் தலைகீழாகும். மீட்பு 50 விழுக்காடு எனில் செறிவு இரு மடங்காகும். 75 எனில் நான்கு மடங்கு. 90 எனில் பத்து மடங்கு. 95 எனில் இருபது மடங்கு. மீட்பு 90இலிருந்து 95 ஆக உயரும்போது தூயநீர் சற்றே கூடுகிறது. செறிவுநீரின் உப்போ இரட்டிப்பாகிறது.

இவ்வளைவு மேலே செல்லச் செல்ல மூன்று தடைகள் எழுகின்றன. முதலாவது, சவ்வூடுபரவல் அழுத்தம் உயர்ந்து, வழக்கமான கடல்நீர்ச் சவ்வுக் கூறுகள் தாங்கக்கூடிய 80 பார் அளவை நெருங்குகிறது. இரண்டாவது, கால்சியம் சல்பேட், கால்சியம் கார்பனேட், சிலிக்கா ஆகியவை கரையும் எல்லையைத் தாண்டிச் சவ்வின்மேல் பாறைப்படிவாகப் படிகின்றன. மூன்றாவது, சவ்வை ஒட்டிய மெல்லிய நீரடுக்கில் உப்பு குவிந்து, அங்குள்ள செறிவு கரைசலின் பொதுச் செறிவையும் மிஞ்சுகிறது. படிவு முதலில் தோன்றும் இடம் அதுவே.

கடற்கரை நிலையங்கள் இத்தடைகளை எட்டுமுன் நின்றுவிடுகின்றன. கடல் அருகிலிருப்பதால் செறிவுநீரை அதிலேயே கலக்கமுடிகிறது. சென்னைக்குக் குடிநீர் வழங்க, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள நிலையங்கள் மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் செயற்பாட்டுக்கு வந்தன. இத்திறனுள்ள நிலையம் ஒன்று 45 விழுக்காடு மீட்பில் இயங்குவதாகக் கொண்டால், நாள்தோறும் ஏறத்தாழ 12 கோடி லிட்டர் செறிவுநீர் கடலுக்குத் திரும்பும். உலக அளவில் 2019இல் வெளியான ஒரு மதிப்பீடு, உப்புநீக்க நிலையங்கள் நாளொன்றுக்கு 9.5 கோடி கனமீட்டர் தூயநீரையும் 14.2 கோடி கனமீட்டர் செறிவுநீரையும் வெளியிடுவதாகக் காட்டியது. பெறுவதைவிட விடுவது மிகுதி என்பது இவ்வெண்களால் விளங்கும்.

வீட்டு ஆர்.ஓ. கருவிகளிலும் இதே கணக்கு வேறுவடிவில் நிகழ்கிறது. இவற்றுள் பல, உள்ளே வரும் நீரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவையே குடிநீராகத் தந்து எஞ்சியதை வடிகாலுக்கு அனுப்புகின்றன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல், கரைந்த திண்மங்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் இக்கருவிகளைத் தடைசெய்யவும், பிற இடங்களில் குறைந்தது 60 விழுக்காடு மீட்பை வலியுறுத்தவும் வழிகாட்டியது இப்பின்னணியிலேயே ஆகும்.

கடலில்லாத இடத்துச் செறிவுநீர்: திருப்பூர்

உள்நாட்டில் இச்சிக்கலின் கடுமையை உணர்த்தும் இடம் திருப்பூர். பருத்திப் பின்னலாடைக்கு வினைச்சாயம் ஏற்றும்போது, சாயம் இழையில் படிவதற்காகச் சோடியம் குளோரைடு அல்லது சோடியம் சல்பேட் பெருமளவில் சேர்க்கப்படுகிறது. அவ்வுப்பு துணியோடு தங்குவதில்லை. ஏறத்தாழ முழுவதும் கழிவுநீரில் வெளியேறுகிறது. சாயப்பட்டறைக் கழிவுநீரின் நிறம் கண்ணுக்குத் தெரியும். நிலத்தைக் கெடுக்கும் உப்பு கண்ணுக்குத் தெரியாது. வேதிப்பொருள்களும் நுண்ணுயிர்களும் நிறத்தையும் கரிமப் பொருளையும் குறைக்கவல்லவை. கரைந்த உப்பை அவை தொடுவதில்லை.

நொய்யலில் கலந்த இவ்வுப்புநீர், பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. ஆயக்கட்டு விவசாயிகளின் கிணறுகளும் வயல்களும் உவர்ப்பாயின. அவர்கள் தொடுத்த வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் 2006இல் கழிவுநீர் வெளியேற்றமே இல்லாத நிலையை அடையுமாறு ஆணையிட்டது. 2009இல் உச்சநீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. ஆணை நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. ஒரு நகரத்தின் வேலைவாய்ப்பும் ஓர் ஆற்றுப்படுகையின் வேளாண்மையும் செறிவுநீர் என்னும் ஒரே கேள்வியில் எதிரெதிர் நின்றன.

இதன் பொருளை ஓர் எளிய கணக்கு தெளிவாக்கும். லிட்டருக்கு 6 கிராம் உப்புள்ள 10 லட்சம் லிட்டர் கழிவுநீரில் 6 டன் உப்பு உள்ளது. எதிர்ச் சவ்வூடுபரவல்வழி 90 விழுக்காட்டை மீட்டால் 9 லட்சம் லிட்டர் நல்ல நீர் மீண்டும் பட்டறைக்குச் செல்லும். எஞ்சிய ஒரு லட்சம் லிட்டரில் அதே 6 டன் உப்பு, லிட்டருக்கு 60 கிராம் என்ற செறிவில் இருக்கும். அது கடல்நீரைவிட உவர்ப்பானது. அதனை ஆற்றில் விடவியலாது; கடலும் அருகில் இல்லை. ஆகவே ஆவியாக்கிகளும் படிகமாக்கிகளும் தேவையாகின்றன. இயந்திர முறையில் நீராவியை மறுஅழுத்தம் செய்யும் ஆவியாக்கிகள்கூடக் கனமீட்டருக்கு 20 கிலோவாட் மணிக்கு மேல் செலவிடுபவை. படிகமாக்கிகளின் செலவு அதனினும் மிகுதி. சவ்வு பத்தில் ஒன்பது பங்கு நீரை மலிவாக மீட்டுத்தர, கடைசிப் பத்திலொரு பங்கே செலவில் பெரும்பகுதியை விழுங்குகிறது.

இவ்வழியின் முடிவிலும் ஒரு திண்மம் எஞ்சுகிறது. சோடியம் குளோரைடு, சோடியம் சல்பேட், கடினத்தன்மை தரும் உப்புகள், சாய எச்சங்கள் ஆகியவை கலந்த கலப்பு உப்புக்குத் தொழிலில் பயன் இல்லை. அது மழைபடாத கிடங்குகளில் பாதுகாக்கப்பட வேண்டியதாகிறது. ஆற்றில் கரைந்திருந்த உப்பு இப்போது மூட்டையில் இருக்கிறது என்பதே மாற்றம்.

செறிவுநீரைப் பயன்பொருளாக்கும் சவ்வுகள்

மேற்கண்ட நிலை, நீரையும் உப்பையும் பிரிப்பதற்கு அப்பால் உப்பையும் உப்பையும் பிரிக்கும் சவ்வுகளின் தேவையை உணர்த்துகிறது. இத்திசையில் நான்கு வழிகள் குறிப்பிடத்தக்கவை.

முதலாவது, நானோ வடிகட்டல். குளோரைடு மிகுந்த சாயநீரில் சாய மூலக்கூறுகளையும் கடினத்தன்மை தரும் அயனிகளையும் இது தடுத்து, உப்புநீரைக் கடக்கவிடுகிறது. தெளிந்த அவ்வுப்புநீர் அடுத்த சாயக்குளியலுக்கே உதவும். திருப்பூரில் உப்புநீரைத் தூய்மைசெய்து மீண்டும் சாயமேற்றலுக்குப் பயன்படுத்தும் முயற்சி இந்தச் சிந்தனையின் வழிப்பட்டதாகும். ஆவியாக்கவேண்டிய நீரின் அளவும், புதிதாக வாங்கவேண்டிய உப்பின் அளவும் ஒருசேரக் குறைகின்றன.

இரண்டாவது, மின்கூழ்ப்பிரிப்பு எனப்படும் மின்புல முறை. அயனிமாற்றுச் சவ்வுகளின் குறுக்கே மின்னழுத்தம் செலுத்தி அயனிகளை நகர்த்தும் இம்முறையில் நீருக்கு உயர் அழுத்தம் தேவையில்லை. ஜப்பானில் கடல்நீரைச் செறிவாக்கிச் சமையல் உப்பு தயாரிக்க இம்முறை நெடுங்காலமாகப் பயன்பட்டுவருகிறது. இருமுனைச் சவ்வுகளைச் சேர்த்தால் சோடியம் சல்பேட்டிலிருந்து கந்தக அமிலத்தையும் எரிசோடாவையும் பெறலாம்.

மூன்றாவது, சவ்வு வடித்தல். நீரை ஒட்டவிடாத நுண்துளைச் சவ்வின் வழியே ஆவி மட்டும் கடக்கும். இதன் செயற்பாடு உப்புச் செறிவால் பெரிதும் பாதிக்கப்படுவதில்லை. தொழிற்சாலைகளில் வீணாகும் வெப்பம் கிடைக்குமிடத்தில் இது பொருந்தும். சாயக்கழிவுநீரில் உள்ள பரப்புவினைப் பொருள்கள் சவ்வை நனையச்செய்துவிடுவது இதன் தடையாகும்.

நான்காவது, 120 பார் அளவிலான அழுத்தத்தைத் தாங்கும் எதிர்ச் சவ்வூடுபரவல் கூறுகளும், இருபுறமும் உப்புநீரைச் செலுத்தி அழுத்த வேறுபாட்டைக் குறைக்கும் துணைச் சவ்வூடுபரவல் அமைப்புகளும் ஆகும். இவை செறிவுநீரை மேலும் செறிவாக்கி, ஆவியாக்கிக்குச் செல்லும் அளவைக் குறைக்கின்றன. ஆனால் கலப்பு உப்பு என்னும் இறுதிச் சிக்கலை இவை தீர்ப்பதில்லை. அதைத் தீர்க்கும் ஆற்றல் முதலிரு வழிகளுக்கே உண்டு.

ஆய்வுமுறைக்கான கருத்துகள்

ஆய்வகச் சவ்வுகள் பெரும்பாலும் தூய நீரில் கரைத்த ஒற்றை உப்பைக் கொண்டு, சில மணிநேரம் மட்டும் சோதிக்கப்படுகின்றன. அச்சோதனையில் சவ்வின் ஊடுருவுதிறன் புலப்படும்; படிவும் நுண்ணுயிர்ப் படலமும் செறிவு உயர்வும் புலப்படா. உண்மையான கழிவுநீரைச் சந்திக்கும் சவ்வின் பயனை அறிய மூன்று கூடுதல் அளவீடுகள் தேவை. எந்த மீட்பு விகிதம் வரை சவ்வு நிலைத்து இயங்குகிறது என்பது முதலாவது. அந்நிலையில் செறிவுநீரில் உள்ள அயனிகள் எவை, எவ்வளவு என்பது இரண்டாவது. அச்செறிவுநீரை அதன் இறுதி இருப்பிடம் வரை கொண்டுசெல்லும் மொத்த ஆற்றல் எவ்வளவு என்பது மூன்றாவது. இம்மூன்றும் தரப்படும்போதே இரு சவ்வுகளை நேர்மையாக ஒப்பிட இயலும்.

முடிவுரை

லோப்-சௌரிராஜன் சவ்வு முதல் இன்றைய நானோ படலம் வரையிலான வளர்ச்சி, நீரை விரைவாகக் கடக்கச்செய்யும் முயற்சியின் வளர்ச்சியாக அமைந்துள்ளது. அம்முயற்சி வெப்ப இயக்கவியல் எல்லையை நெருங்கிவிட்டது. இனி அதனால் பெறக்கூடிய ஆற்றல் சேமிப்பு அளவானது. கடற்கரையில் செறிவுநீரைக் கடல் ஏற்றுக்கொள்வதால் இக்குறை வெளிப்படாமல் உள்ளது. நொய்யல் போன்ற உள்நாட்டு ஆற்றுப்படுகையில் அது உடனே வெளிப்படுகிறது. அங்கே சுத்திகரிப்பின் செலவையும் வெற்றியையும் தீர்மானிப்பது செறிவுநீரே.

எனவே உப்புகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கும் தேர்திறன், வருங்காலச் சவ்வு ஆய்வின் முதன்மை இலக்காதல் வேண்டும். சாயக்குளியலுக்குத் திரும்பும் ஒவ்வொரு கிலோ உப்பும் கிடங்கில் சேராத ஒரு கிலோ உப்பாகும். வயலிலும் கிணற்றிலும் சேராத ஒரு கிலோ உப்புமாகும். அந்த அளவைக் குறிப்பிடும் ஆய்வுகளே தொழிலுக்கும் ஆற்றுக்கும் ஒருசேரப் பயன்தருவனவாக அமையும்.